மஞ்சள் துணியில் முடிந்த காசு

புதுச்சேரி கோரிமேட்டில் பேருந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் யார் எதற்காக வந்தவர்கள் என்று கையிலிருக்கும் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். துணிக்கடைப் பை ஒன்று. அதற்குள் எக்ஸ்ரே உறை, மடித்து மடித்து நைந்துபோன சீட்டுகள், பிளாஸ்க், டம்ளர், பிள்ளைக்கு மாற்றுத்துணி. அம்மாவின் இடுப்பில் பிள்ளை. ஐந்து வயதுப் பிள்ளையும் இடுப்பிலேயே இருந்தால் நடக்க முடியாத அளவுக்குச் சோர்ந்திருக்கிறது என்று பொருள். விழுப்புரம், திண்டிவனம், கடலூர், பண்ருட்டி, திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ ஜிப்மர் மருத்துவமனை வாசலுக்கு வந்து சேரும் இந்தப் பைகளில் பலவற்றின் அடியில் இன்னொரு பொருளும் கிடக்கும். மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த ஒரு துணித்துண்டு, அதில் முடிந்த ஒரு ரூபாய். விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆயா, அதாவது பாட்டி, முடிந்து கொடுத்தது.

பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினால் குலதெய்வத்துக்கு இன்னது செய்கிறோம் என்று கொடுத்த வாக்குக்கு அந்தக் காசு சாட்சி. நேர்த்திக்கடனைத் தீர்க்கும் நாளில்தான் முடிச்சை அவிழ்ப்பார்கள். அதுவரை யாரும் தொடமாட்டார்கள், பேருந்துக்குச் சில்லறை இல்லாத நேரத்திலும். இந்தப் பக்கத்துப் பேச்சில் இதற்கு ஒரே சொல்தான்: ‘நேர்ந்துகினோம்.’

சாமியைப் பையில் எடுத்துவருகிறவர்கள் வந்து சேரும் இடத்துக்கும் சாமி பெயர்தான்: தன்வந்திரி நகர். பிரெஞ்சு அரசு 1823-இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சி விலகிய பின் 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது; 1964-இல் ஜவாஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ஜிப்மர் ஆனது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். இந்தப் பெயர் மாற்றங்கள் வரிசையில் நிற்கும் அம்மாக்களுக்குத் தெரியாது. ‘ஜிப்மர்ல காட்டினா காப்பாத்திடுவாங்க’ என்று ஊரில் யாரோ சொன்னது தெரியும். அதுவும் ஒரு நம்பிக்கைதான். சொன்னவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர். தன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ இங்கே காட்டிப் பிழைக்கவைத்தவர்.

குழந்தைகளுக்கு வரும் கடும் நோய்களில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை நீண்ட காலத்துக்கு இழுத்துப் பிடித்துச் சோதிப்பது ரத்தப் புற்றுநோய். விபத்தானாலும் மூளைக்காய்ச்சலானாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஏதோ ஒரு பக்கம் தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவுக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு. தொடக்கத்தில் அது புற்றுநோய் மாதிரியே இருக்காது. விட்டு விட்டுக் காய்ச்சல், முகம் வெளுத்துப்போதல், கால் வலிக்கிறது என்று ராத்திரியில் அழுதல், தோலில் சிவப்புப் புள்ளிகள். வீட்டில் முதலில் தோன்றுவது ‘பையன் எங்கியோ பயந்துகினான்.’ மந்திரிக்கிறவரிடம் போவார்கள், வேப்பிலை அடிப்பார்கள், மிளகாயும் உப்பும் சுற்றிப்போடுவார்கள். இதில் தவறு காண ஒன்றுமில்லை, ஒரு வாரம் வரைக்கும். தாலுகா மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, வெள்ளையணுக் கணக்கைக் கண்ட மருத்துவர் முகம் மாறி, ‘உடனே ஜிப்மர் போங்க’ என்று சீட்டு எழுதும் நாளில்தான் ஆயா மஞ்சள் துணியைத் தேடுகிறாள்.

வார்டுக்குள் வந்த பின் குடும்பம் ஒரு புது மொழியைக் கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட அம்மா ஒரே மாதத்தில் ‘இன்னிக்கு கவுண்ட் ஏறல, பிளேட்லெட் இருபதுதான் இருக்குது’ என்கிறாள். இருபது என்றால் இருபதாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. முதுகில் ஊசி போடும் நாள், கீமோ ஏறும் நாள், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் என்று அவளுடைய பஞ்சாங்கம் மாறிவிடுகிறது. பழைய பஞ்சாங்கத்தையும் அவள் விட்டுவிடுவதில்லை. செவ்வாய், வெள்ளி விரதம். கிருத்திகையன்று ஒருவேளைச் சாப்பாடு. அமாவாசை வந்தால், மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்கு வீட்டிலிருந்து யாராவது போனார்களா என்று போனில் விசாரிப்பு. மேலே ஏறிக்கொண்டிருப்பது வின்கிறிஸ்டின், கீழே முணுமுணுப்பது கந்தர் சஷ்டி கவசம். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை இருப்பதாக எழுதுகிறவர்கள் நாம்தான்.

அந்த வின்கிறிஸ்டினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலியோரத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்து இளஞ்சிவப்பாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது அது. சுடுகாட்டு மல்லி என்றும் அதைச் சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது முதல் இன்றுவரை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதை விலக்க முடியவில்லை. ஊர்க்கோயில் பிள்ளையாருக்கு அந்தப் பூவைப் பறித்துப் போட்ட கைதான் இப்போது சொட்டு மருந்துக் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான அம்மாக்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் யாருக்கு நன்றி சொல்வார்கள் என்பதை ஊகிக்கலாம்.

பகலில் அம்மா உள்ளே இருப்பாள். அப்பாவுக்கு வேலை வெளியே: ரத்த வங்கி, மருந்துக் கடை, கடன் கேட்டுப் போன், பிறகு கோயில். பிள்ளையை விட்டு அம்மா நகர முடியாததால், வீட்டில் ஒருநாளும் விளக்கேற்றாத ஆண்கள் இங்கே நேர்த்திக்கடன் தூதர்களாகிவிடுகிறார்கள். புதுச்சேரி அதற்குத் தோதான ஊர். கோரிமேட்டிலிருந்து நகரப் பேருந்து ஏறினால் மணக்குள விநாயகர். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கிருந்த பிள்ளையார். 1908 முதல் பத்தாண்டு இந்த ஊரில் அடைக்கலமாயிருந்த பாரதி விநாயகர் நான்மணி மாலை பாடியது இவர்மேல்தான். கோயில் வாசலில் நின்ற லட்சுமி யானையின் துதிக்கை தன் பிள்ளையின் தலையில் படட்டும் என்று தூக்கிப்பிடித்த பெற்றோர் எத்தனை ஆயிரம் பேரோ. 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியின்போது அது சரிந்து விழுந்து இறந்தபோது ஊர் வீதிக்கு வந்து அழுதது. வெளியூர்க்காரர்களுக்கு அது வியப்பாக இருந்தது. தன் பிள்ளையை ஆசீர்வதித்த உயிர் போய்விட்டதாக அழுதவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருதய ஆண்டவர் பேராலயம். 1902-இல் தொடங்கி 1907-இல் முடித்த கோதிக் கட்டடம். 2011-இல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. அங்கே மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்களில் நெற்றியில் விபூதி இட்டவர்களைத் தனியாக எண்ண வேண்டியதில்லை, அவ்வளவு சகஜம். பள்ளிவாசல் பக்கமும் அப்படித்தான். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடியும் நேரத்தில், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இந்துப் பெண்கள் வாசலில் நிற்பதும், தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் தலைமுறைகளாக நடந்துவருகிறது. வாசலில் பெயர் கேட்பதில்லை. இத்தனை நேரம் வார்டில் ‘பேஷண்ட் பேரு?’, ‘வயசு?’, ‘ஆதார்?’ என்று கேட்கப்பட்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

வில்லியனூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரிலிருந்து பத்து கிலோமீட்டர். ஒரே ஊரில் இரண்டு வைத்தியர்கள்: திருக்காமீசுவரர் கோயிலில் சிவன், அதற்குச் சற்றுத் தள்ளி லூர்து மாதா. சோழ மன்னன் ஒருவனின் தோல் நோய் இங்கே தீர்ந்தது என்கிறது சிவன் கோயில் தலபுராணம். பிரெஞ்சு ஆளுநர்கள் இந்தக் கோயில் தேரை வடம்பிடித்து இழுத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் தொட்டுத் தொடங்கிவைக்கும் மரபாகத் தொடர்கிறது. லூர்து மாதாவின் சிலை 1877-இல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தது. லூர்து நகரில் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னது 1858-இல்; பத்தொன்பதே ஆண்டில் அந்த மாதா வில்லியனூருக்கு வந்துவிட்டாள். மாதா கோயில் குளத்து நீரைப் பாட்டிலில் பிடித்து, ‘அம்மா தண்ணி’ என்று வார்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தப் பாட்டிலைப் பற்றிப் பிறகு பேசலாம்.

லூர்து கதையின் நடுவிலேயே ஒரு நோயாளிக் குழந்தை இருக்கிறான். பெயர் ஜுஸ்தேன் பூஓர். 1858 ஜூலையில் அவனுக்கு இரண்டு வயது. பிறந்ததிலிருந்து நோஞ்சான், நடந்ததே இல்லை. கடைசி மூச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சவத்துணி தைக்கத் தொடங்கிவிட்டாள். அம்மாக்காரி பிள்ளையைத் துணியில் சுருட்டிக்கொண்டு, பெர்னதெத் மாதாவைக் கண்ட குகைக்கு ஓடி, பனிபோல் குளிர்ந்த ஊற்று நீரில் கழுத்தளவு முக்கிப் பிடித்தாள். சுற்றி நின்றவர்கள் பிள்ளையைக் கொல்லாதே என்று கத்தினார்கள். அவள் விடவில்லை. பிள்ளை பிழைத்தான். 1862-இல் திருச்சபை ஏற்றுக்கொண்ட முதல் ஏழு அற்புதங்களில் அவனுடையதும் ஒன்று. 1933 டிசம்பரில் ரோமில் பெர்னதெத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எழுபத்தேழு வயதுக் கிழவராக அந்தக் கூட்டத்தில் ஜுஸ்தேனும் உட்கார்ந்திருந்தார்.

கேட்கிற எந்தத் தாய்க்கும் சிலிர்க்கும். எழுதுகிறவர் அந்தக் குளிர்ந்த நீரையும் மறக்கக் கூடாது. அந்த அம்மாவைப் போலவே செய்து பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எவருடைய பெயரும் எந்த ஏட்டிலும் ஏறாது. லூர்து நகரின் திருச்சபை அதிகாரிகளுக்கே இது புரிந்திருந்தது. 1883-இல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகத்தை நிறுவினார்கள். குணமானதாகச் சொல்லிப் பதிவுசெய்தவர்கள் இதுவரை ஏழாயிரத்துக்கும் மேல். மருத்துவர் குழுவும் ஆயரும் ஏற்றுக்கொண்டவை, 2018-இல் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்து, அப்போது எழுபது. அதற்கு வைத்திருக்கும் சட்டதிட்டம் கடுமையானது. நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். குணம் திடீரென்று, முழுமையாக, நிலையாக வர வேண்டும். மருந்தால் வந்ததென்று சொல்ல இடமிருக்கக் கூடாது.

கோரிமேட்டுக் கணக்கு வேறு. மருந்து கொடுத்துக் குணமானால் லூர்து ஏட்டில் அது அற்புதம் ஆகாது. புதுச்சேரி அம்மாவுக்கு அப்படி ஒரு விதியே கிடையாது. நல்ல டாக்டர் கையில் பிள்ளை சிக்கியதே சாமி செயல். சரியான குரூப் ரத்தம் கிடைத்தது சாமி செயல். இன்றைக்கு ஊசி குத்தும்போது நரம்பு ஒரே தடவையில் கிடைத்தது அந்த சிஸ்டரின் கைராசி, அந்த ராசியும் சாமி கொடுத்தது.

இந்த மண்ணில் இந்தக் கணக்குக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கு மேல். ஜிப்மருக்கு அன்றாடம் நோயாளிகளை அனுப்பும் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிவிட்ட தம்பிக்குச் சூலை நோய் வந்து வயிற்றைப் புரட்டியபோது, அவர் தேடி வந்தது அக்கா திலகவதியாரை. அக்கா விபூதி கொடுத்தார், வீரட்டானத்துக்குக் கூட்டிப்போனார், நோய் தீர்ந்த தம்பி நாவுக்கரசர் ஆனார் என்பது பெரியபுராணம். திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி. கொல்லி மழவனின் மகள் முயலகன் நோயில் நினைவற்றுக் கிடந்தபோது சம்பந்தர் பாடி எழுப்பிய இடம். மகளைச் சன்னிதியில் போட்டுவிட்டு நின்றவன் ஊரையே ஆண்ட சிற்றரசன் என்பதைச் சேக்கிழார் மறக்காமல் சொல்கிறார். வைத்தியநாதன் என்றே சிவனுக்குப் பெயர் வைத்த வைத்தீஸ்வரன்கோயிலும் சீர்காழிப் பக்கத்தில்தான். மருந்தாகத் தருவது திருச்சாந்துருண்டை. பிழைக்காத பிள்ளையைக் கோயிலில் தத்துக் கொடுத்துத் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் கண்டுகொள்ள மாட்டான் என்று கணக்கு. பிச்சை, குப்பு, தவிட்டான் என்ற பெயர்கள் நம் தாத்தா தலைமுறையில் தெருவுக்கு இரண்டு இருந்தன. அவை ஒவ்வொன்றும் முன்பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. அந்தப் பெயர்கள் இப்போது அரிதாகிவிட்டன. தடுப்பூசி வந்தது ஒரு காரணம்.

வேண்டுதல் பலிக்கிறதா என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழு ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரைப் பிரித்து, சிலருக்காக முன்பின் தெரியாதவர்களைக் கொண்டு ஜெபம் செய்யவைத்தது. ஜெபத்தால் எந்த நன்மையும் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டவர்களுக்குச் சிக்கல்கள் கொஞ்சம் கூடுதல்: 59 விழுக்காடு; தெரியாதவர்களுக்கு 52. ஆய்வைப் படித்தால், வேண்டுதல் என்பதை அவர்கள் என்னவாக நினைத்தார்கள் என்றே கேட்கத் தோன்றுகிறது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முதற்பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் வாசித்து ஜெபிப்பதற்கும், ஆயா பட்டினி கிடப்பதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், காரியம் ஒன்றல்ல. ஆயாவின் பட்டினி பிளேட்லெட்டை ஏற்றும் என்று மருத்துவர் எவரும் சொல்ல மாட்டார். ஆனால் அது பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு செய்தி: நீ தனியாக இல்லை.

நோயின் நடுவில் நம்பிக்கை எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்பதுதான் வார்டில் உண்மையான கேள்வி. முதலில் நன்மை. பிளேட்லெட் எடுத்த பின் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. நெடுநாள் சேமித்து வைக்க முடியாது. கொடுப்பவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டி வாட்ஸப் குழு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் பங்குத்தந்தை சொல்லும் அறிவிப்பு, ஜும்மாவுக்குப் பின் ஜமாத்தார் சொல்லும் சொல், இவற்றால் வந்து கையை நீட்டுகிற இளைஞர்கள் பலர். சாமிக்குக் கூழ் ஊற்றச் சேர்ந்த கூட்டம் ரத்தம் கொடுக்கவும் சேர்கிறது. பக்தியின் பலன் என்று நிரூபிக்கக்கூடிய ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டலாம்.

இனி அந்தப் பாட்டில். கீமோ ஏறிய பிள்ளைக்கு வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும் நாள்களில் குளத்து நீர், தீர்த்தம், கோயில் பிரசாதம், வெட்டிவைத்த பழம் எதுவும் வாயில் படக் கூடாது. நமக்கு வயிற்றுப்போக்கோடு போகும் கிருமி அந்தப் பிள்ளையின் ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். புரிந்த மருத்துவர்களும் சிஸ்டர்களும் பாட்டிலைப் பிடுங்கிப் போடுவதில்லை. ‘நெத்தியில தடவுங்க, வாயில வேணாம்’ என்கிறார்கள். விபூதியும் நெற்றியோடு நிற்கட்டும், பூ வாசலோடு நிற்கட்டும். இந்தச் சமரசம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்க வாய்ப்பில்லை. வலிப்புக்கும் மஞ்சள்காமாலைக்கும் வயிற்றில் சூடு போட்டுக் கொண்டுவரப்படும் பிள்ளைகளைப் பார்த்து வெந்துபோனவர்கள், சண்டை போட்டால் அம்மா அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டாள் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டது.

நம்பிக்கையின் ஆபத்தான நாள் எது என்று கேட்டால், பிள்ளை சாகக் கிடக்கும் நாள் என்று நினைப்போம். ரத்தப் புற்றுநோயில் அப்படி இல்லை. ஆபத்து பிள்ளை தேறும்போது வருகிறது. முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியில் நோயணுக்கள் மறைந்துவிடும். ஸ்டீராய்டு தரும் பசியில் பிள்ளை கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறான்; கன்னம் உப்புகிறது; ஓடுகிறான். சாமி கண் திறந்துவிட்டது. இனி எதற்கு மாதாமாதம் பேருந்துச் செலவு, எதற்கு அந்தப் பச்சை உடம்பில் முதுகு ஊசி? ‘முதுகுல ஊசி போட்டா கால் போயிடும்’ என்று யாராவது பயமுறுத்தியும் இருப்பார்கள். அப்படியே நின்றுவிடுகிற குடும்பங்கள் உண்டு. ஒளிந்திருக்கும் அணுக்கள் திரும்பப் பெருகி பிள்ளை மறுபடி வெளுக்கும்போது, முதல் தடவை கேட்ட மருந்துகள் இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் கீழே. 2030-க்குள் உலகளவில் குறைந்தது அறுபது என்று 2018-இல் ஓர் இலக்கு வைத்தார்கள். இந்த இடைவெளிக்குக் காரணங்களில் ஒன்று சிகிச்சையைப் பாதியில் விடுவது. அதற்குப் பழியைச் சாமி மேல் மட்டும் போடுவது சுலபம், நியாயமில்லை. பாதியில் விட்டவர்கள் வீட்டில் விற்பதற்கு ஆடு தீர்ந்திருக்கும், கூலி போயிருக்கும், மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்திருப்பாள். ‘சாமி பாத்துக்கும்’ என்ற சொல் அங்கே பல சமயம் கையில் காசில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்லும் வழி.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. ‘என்ன பாவம் செஞ்சேனோ’ என்று அம்மா சொல்லும்போது, பக்கத்துக் கட்டில் அம்மா ‘அப்படிச் சொல்லாத’ என்கிறாள். ஊருக்குப் போனால் அப்படிச் சொல்ல ஆள் இருக்காது. மாசமா இருக்கும்போது கிரகணத்தில் வெளியே வந்தாளாம், போன வருஷம் கூழ் ஊற்றாமல் விட்டாளாம், கல்யாணமே பொருத்தம் பார்க்காமல் பண்ணிக்கொண்டதாம். நோய்க்குக் காரணம் தேடும் ஊர் கடைசியில் வந்து நிற்பது மருமகள் முன்னால். கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மருத்துவமனையில் இருந்த ஏறக்குறைய அறுநூறு முதியவர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்று மருகியவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. முதியவர்களைப் பற்றிய ஆய்வுதான். கட்டிலோரத்தில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயது அம்மாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இப்படித் தண்டிக்கும் சாமி அவளைத் தூங்கவிடுவதில்லை என்பதைக் காண ஆய்வு வேண்டாம்.

சாமியே இல்லை என்கிற அப்பாக்களும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். புதுச்சேரி பாரதிதாசன் பிறந்த ஊர். கறுப்புச் சட்டைக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. மனைவி மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டால் அப்படிப்பட்ட அப்பா தடுப்பதில்லை. மலையடிவாரம் வரை வண்டியில் கொண்டுவிட்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொல்லச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பின்னாளில் கடவுள் மறுப்பைப் பாடிய அதே பாரதிதாசன், 1920-களில் இந்த மயிலம் முருகனுக்குத் துதியமுது பாடி நூலாக்கியவர்.

வைத்தியத்தையும் பக்தியையும் இரண்டு முகாமாகப் பிரித்துவைக்கும் ஆசை வந்தால் யெல்லாப்பிரகடா சுப்பாராவைப் படிக்கலாம். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். தாய் இசையவில்லை. மடமும் மருத்துவம் படிக்கச் சொன்னது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் சில நாள் இடைவெளியில் அண்ணன் தம்பிகள் இருவரைப் பறிகொடுத்தார். அமெரிக்கா போய் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைத் தேடிப் பிடித்தார், அது ஸ்ப்ரூவுக்கு மருந்து. அதன் தொடர்ச்சியாக அதற்கு எதிராக வேலைசெய்யும் பொருள்களையும் அவர் குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் பதினாறு பேருக்குக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு இணங்கியதாக உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான். ஆய்வுரை வெளிவந்தது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். இன்று கோரிமேட்டில் முதுகு ஊசியில் ஏறும் மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்து மருந்துதான். மகன் சாமியாராகப் போக வேண்டாம் என்று அந்தத் தாய் பிடித்த பிடிவாதத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

நேர்த்திக்கடனில் மொட்டைதான் அதிகம். ‘பிள்ளைக்குக் குணமானதும் முடி கொடுக்கிறேன்.’ கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. நோயைவிட அதைப் பார்த்து உடைந்துபோகிற அம்மாக்கள் அதிகம். சாமிக்கென்று வைத்திருந்த முடியை மருந்து எடுத்துக்கொண்டது. இது தெய்வக்குத்தம் ஆகுமா? போனில் ஆயாவிடம் கேட்கிறாள். ஆயாக்கள் இதில் கெட்டிக்காரிகள். ‘அது நோய் முடி. அது போகட்டும். சாமிக்குப் புது முடி வளரும்.’ எந்த ஆகமத்திலும் இல்லாத இந்தத் தீர்ப்பு வார்டு வார்டாகப் பரவியிருக்கிறது.

எல்லாக் கடனும் தீர்வதில்லை. பிள்ளை போன வீட்டில் மஞ்சள் துணி மிஞ்சும். கடன் இல்லை என்று சொல்லி அந்தக் காசை ஆற்றிலோ கடலிலோ போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ‘சாமி கேட்டுதா, நாமதான கொடுத்தோம்’ என்று அப்படியே உண்டியலில் சேர்ப்பவர்களும் உண்டு. அவிழ்க்க மனம் வராமல் பெட்டியில் துணிக்கடியில் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் சட்டையோடு, மருத்துவமனை நோட்டோடு. அவர்களில் சிலர் அதன் பிறகு கோயிலுக்குப் போவதில்லை. சிலர் முன்னைவிட அதிகம் போகிறார்கள். இரண்டுக்கும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மயிலம் மலையில் முடி இறக்கும் இடத்துக்கு, சிகிச்சை முடிந்த பிள்ளைகள் தாய்மாமன் மடியில் உட்கார வருகிறார்கள். கீமோவுக்குப் பின் முளைக்கும் முடி சில பிள்ளைகளுக்குச் சுருட்டையாக முளைக்கும். முன்பு இல்லாத சுருட்டை. நாவிதர் தண்ணீர் தெளித்துத் தேய்க்கும்போது பிள்ளை அழுகிறான். ரெண்டு வருஷமாக ஊசிக்கு அழாதவன் கத்திக்கு அழுகிறானே என்று அம்மா சிரிக்கிறாள். சந்தனம் பூசியபின் ஆயா மஞ்சள் துணியைக் கையில் எடுக்கிறாள். மஞ்சள் வெளுத்துப்போயிருக்கிறது, முடிச்சு இறுகி நகத்துக்கு அகப்படவில்லை. பல்லால் கடித்து அவிழ்க்கிறாள். காசு கறுத்திருக்கிறது. பிள்ளை கையில் கொடுத்து உண்டியலில் போடச் சொல்கிறார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி குறித்த ஜிப்மர் நோட்டு அதே துணிக்கடைப் பையில் இருக்கிறது. மழை வருமோ என்று அப்பா அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகுகிறார்.